அல்பேனியாவுக்குப் போகும் உன் மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் ஆறுதல். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

மகள் அல்பேனியாவுக்குப் போய் அங்குள்ள அமைச்சு உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து வேலை பழக்கப்போகிறாளா! கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தலை நரைத்தவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாளாம். கேட்டதே பெரிய விஷயம். நம்மிடம் வந்த வெளிநாட்டு ஆலோசகர்கள் எவரும் கேட்டதில்லை.

அல்பேனியா சேரக் காத்திருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உள்ளே வர விரும்பும் நாடு விவசாயம், மீன்பிடி, சுங்கம் என்று வண்டி வண்டியாகச் சட்டங்களை ஏற்கவேண்டும். அரச நிர்வாகத்தை எப்படி அமைப்பது என்பதற்கு மட்டும் அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. 1995 டிசம்பரில் மட்ரிட்டில் கூடிய தலைவர்கள், சட்டத்தை ஏற்றால் போதாது, அதை நடத்திக்காட்டும் நிர்வாகமும் வேண்டும் என்றார்கள். எந்த அளவுகோலால் பார்ப்பது? 1999 இல், ஐரோப்பிய ஒன்றியமும் ஓ.ஈ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பும் சேர்ந்து நடத்தும் சிக்மா என்ற அமைப்பு நான்கு தலைப்புகளில் எழுதிக் கொடுத்தது: சட்டப்படி, முன்கூட்டியே கணிக்கக்கூடிய விதத்தில் நடப்பது; வெளிப்படைத்தன்மை; பொறுப்புக்கூறல்; வினைத்திறன். கந்தோரை எப்படிக் கட்டுவது என்பது உன் பாடு, வாசலுக்கு வருகிறவனுக்கு இவை கிடைக்கவேண்டும் என்பதே அதன் சாரம். நியாயமான பேச்சுத்தான்.

ஆனால் சேரும்வரைதான் எல்லோரும் நல்ல பிள்ளைகள். செக் குடியரசு 2002 இல், அரச ஊழியரை அரசியல் தலையீட்டிலிருந்து காக்கும் அரச சேவைச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, அது நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிக்கொண்டே போனது. 2004 இல் ஒன்றியத்தில் சேர்ந்தும் ஆயிற்று, 2014 இல் வேறொரு சட்டம் வந்து பழையதை அடக்கம் செய்தது. போலந்தும் சிலோவாக்கியாவும் அரச சேவையை மேற்பார்வை செய்த அலுவலகங்களை 2006 இல் கலைத்தன. பால்டிக் நாடுகள் மட்டும் ஓரளவு பிடித்து நின்றன. இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். இந்த வித்தையில் நம்மை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

நம் கதையை உனக்குச் சொல்லவேண்டுமா? அரச ஊழியரின் நியமனமும் இடமாற்றமும் 1972 இல் அமைச்சரவையின் கைக்குப் போயின. 2001 இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம், அந்த வேலைகளைப் பார்க்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவைச் சுதந்திரமாக்கியது. 2010 இல் 18ஆவது அந்தச் சுதந்திரத்தைப் பறித்தது, 2015 இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020 இல் 20ஆவது மீண்டும் பறித்தது, 2022 இல் 21ஆவது மீண்டும் கொடுத்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு நிர்வாக உத்தியோகத்தர் யாரை நம்பிக் கோப்பில் நேர்மையாக ஒரு குறிப்பு எழுதுவார்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண். ஒரு திணைக்களத்தில் சாரதியாக இருந்த கணவர் இறந்துபோனார். விதவைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாள். திரும்பி வந்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள், அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே எழுதியாயிற்று. அது வேறு கதை. உள்ளே இருந்தது ஒரே வரி: ஆவணங்கள் முழுமையற்றவை. எந்த ஆவணம், யாரிடம் கேட்பது, எந்த நாளுக்குள், ஒன்றும் இல்லை. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, பெயர் இல்லை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதில் ஒழுங்காகத் தபாலில் வந்தது. விவாகப் பதிவுச் சான்றிதழில் கணவரின் பெயர் ஒரு விதமாக, தனிப்பட்ட கோவையில் வேறு விதமாக இருக்கிறது. ஒரு சத்தியக் கடதாசி போதும். இவ்வளவுதான்! முதல் கடிதத்திலேயே இதை எழுத என்ன கேடு?

அந்தச் சட்டமும் வெளியிலிருந்து வந்த தராதரங்களைப் பார்த்து எழுதியதுதான். ஆனாலும் வேலை செய்தது. ஏனென்றால் பதில் சொல்லவேண்டிய தகவல் உத்தியோகத்தர் இன்னார் என்று அது ஓர் ஆளை நிறுத்துகிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல் என்று தவணையும் போடுகிறது. பொறுப்பு ஒரு கதிரையில் போய் விழுகிறது. மற்றச் சீர்திருத்தங்கள் 'நிறுவனம்', 'முறைமை' என்று ஆகாயத்தில் நிற்கின்றன.

ஆகவே மகளிடம் சொல்: சட்டப் புத்தகத்தையும் பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்களையும் பிறகு பார்க்கலாம். அமைச்சர் மாறினால் எத்தனை பிரிவுத் தலைவர்கள் மாறுகிறார்கள் என்று தேநீர் நேரத்தில் கேட்கட்டும், கூட்டத்தில் கேட்டால் உண்மை வராது. பிறகு, மக்களின் விண்ணப்பத்தை மறுத்து எழுதிய கடிதங்களில் ஒரு கட்டை எடுத்து, அவற்றை எழுதிய இடைநிலை உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதட்டும். காரணம், ஆள், தவணை, மேன்முறையீட்டுக்கு வழி. பத்துக் கடிதம் திருத்தினால் சிக்மாவின் நான்கு தலைப்பும் தானாக வந்துவிடும். இந்த வேலைக்கு ஒருவர் பக்கத்து மேசையில் மாதக்கணக்கில் இருக்கவேண்டும். அவளுக்குக் கிடைத்திருப்பது அந்த வாய்ப்புத்தான்.

போனபின் நேரம் கிடைத்தால் எனக்கு நேராக எழுதச் சொல். நீ கேட்ட கருவாட்டை அடுத்த கிழமை அங்கே வருகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உப்புக் குறைவாகத்தான் போடச் சொன்னேன், இரத்த அழுத்தம் என்று மனைவியிடம் திட்டு வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய கச்சேரிக்காரன்