ஒரு சலைன் பாட்டிலும் எட்டு உயிர்களும்: பல் மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் தலைவர், உறுப்பினர்களுக்கும், பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வாணியம்பாடி விஷயம்தான். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரை வட தமிழகத்தில் 21 பேருக்கு நரம்பையும் மூளையையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமி நோய் வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். கிளினிக்கோடு தொடர்பில்லாத மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்ட குழு துருவிப் பார்த்தபோது விசாரணை வந்து நின்ற இடம் ஒரு சலைன் பாட்டில். அறுவை சிகிச்சைக் கருவியாலேயே அதைத் திறந்து, பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த நோயைத் தரும் கிருமி, பர்கோல்டேரியா சூடோமல்லி, வயல் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இயல்பாக வாழ்வது. 1912-லேயே ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதற்குச் சாப்பாடு பெரிதாகத் தேவையில்லை. வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்குத் திறந்த சலைன் பாட்டில் வசதியான வீடு. சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலந்திருப்பதில்லை. மூடி திறக்கும் வரைதான் அது சுத்தம்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல் பிடுங்கிய பிறகு முகம் வீங்கி வருகிறவருக்கு வழக்கமாக எழுதித் தருவது அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும். இந்தக் கிருமியிடம் அந்த மருந்துகள் எடுபடாது. ஜென்டாமைசினும் பெரும்பாலும் எடுபடாது. செஃப்டசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி வாரக்கணக்கில் போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரையும் கொடுக்க வேண்டும். சீழை வளர்த்துப் பார்க்கும் சிறிய லேப்களில் இதைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாக எழுதிவிடுவதும், வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமி என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கக்கூடியதுதான். சந்தேகம் வராத இடத்தில் சரியான மருந்தும் வராது. சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் மழைக்காலத்தில், பல் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலோடு முகம் கோணினால் இதை நினைத்துப் பாருங்கள் என்று எத்தனை பல் மருத்துவர்களுக்கு யார் எழுத்தில் சொன்னார்கள்?

என் கேள்வி இதுதான். அந்தக் கிளினிக்கை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற கிளினிக்குகளுக்கு என்ன சொன்னீர்கள்? 2023-ல் முடிந்த சம்பவத்தைப் பொதுமக்களில் பெரும்பாலோர் அறிந்தது 2025 மே மாதம், லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்து, அதைப் பத்திரிகைகள் எடுத்து எழுதிய பிறகு. இரண்டு ஆண்டு! ஆய்வுக் கட்டுரை எழுதவும் சரிபார்க்கவும் நேரம் பிடிக்கும், சரி. பாட்டிலை மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை விடுவதற்கு எந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்க வேண்டும்?

2021-ல் அமெரிக்காவில் இதே நோய் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு வந்தது, இருவர் இறந்தார்கள். இந்தியாவில் தயாரான ஒரு வாசனைத் தெளிப்பான்தான் காரணம் என்று அக்டோபரில் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிவதற்கு முன்பே, கோடையிலேயே, நாடு முழுக்க மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போய்விட்டது. அந்தத் தெளிப்பான் பாட்டில் கிடைத்த அதே மாதத்தில் பொருளின் பெயர், விற்ற கடை, வாங்கியவர்கள் அதை எப்படிக் கட்டித் திருப்பித் தர வேண்டும் என்பது வரை ஊருக்கே அறிவித்தார்கள். அவர்களிடம் பணம் அதிகம் என்று சொல்லலாம். அறிவிப்பு ஒட்டப் பெரிய பணம் தேவையில்லை.

பல் மருத்துவர்கள் பக்கத்தையும் பார்க்கிறேன். சிறிய ஊரில் ஒரு பல் பிடுங்கக் கொஞ்சம் சலைன் போதும். கையில் இருப்பதோ அரை லிட்டர் பாட்டில். மீதியைக் கொட்ட மனசு வராது, உதவியாளருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்துதான் பஞ்சு அடைக்கும் பழக்கம் வருகிறது. இதற்குத் தண்டனையை மட்டும் நம்பினால் பாட்டில் அலமாரிக்குள் ஒளியும், அவ்வளவுதான். 100 மில்லி பாட்டில் சந்தையில் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில், மீதி தொட்டிக்கு என்று விதி போடுங்கள். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சிறிய பாட்டிலையே வாங்கித் தரட்டும். தனியார் கிளினிக்குகளுக்கும் அது மலிவாகக் கிடைக்க வழி பாருங்கள். மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவைப் புதுப்பிக்க வரும்போது கட்டடத்தையும் சான்றிதழையும் பார்ப்பதோடு, திறந்த பாட்டில் எத்தனை இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த லேப் இந்தக் கிருமியைக் கண்டாலும், தனியார் என்றாலும், அன்றைக்கே மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் வேலூரில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் சென்னையில் என்று தனித்தனியாகப் படுத்திருந்தால், எல்லாரும் ஒரே பல் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்பது எந்த டாக்டருக்கும் தெரியப்போவதில்லை.

2023-க்குப் பிறகு திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் எத்தனை பல் கிளினிக்குகளைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதைத் தமிழில் வெளியிடுங்கள். சோதிக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
திருப்பத்தூர் மாவட்டம்