பனித்தரையும் பணமும்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

சாம்பெய்ன், இலினாய்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். சித்தியும் தம்பியும் நலம்தானே? "அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டிக்கு ஏன் முதல்தர ஹாக்கி டீம் இல்லை?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் புல்தரை. இங்கே அது ஐஸ் ஹாக்கி. இலினாய் பல்கலைக்கழகத்தில் கிளப் டீம் உண்டு. 2005, 2008 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வாங்கியது. பல்கலைக்கழகமே செலவு செய்து நடத்தும் டீம் மட்டும் 1943-க்குப் பிறகு இல்லை. அதன் கடைசிக் கோச் விக் ஹெய்லிகர் மிச்சிகனுக்குப் போய் அங்கே 6 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அது எனக்கு ஆறாத குறைதான்.

டீம் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கட்டடத்துக்குப் பணம் கிடைத்தவுடன் ஆரம்பிக்கக் கூடாது. வருஷா வருஷம் ஆகும் செலவுக்கும் வைப்புநிதி போட்டபிறகே ஆரம்பிக்க வேண்டும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, ஹாக்கிக்காக, டெர்ரி பெகுலா என்ற செல்வந்தர் 2010-ல் 8.8 கோடி டாலர் கொடுத்தார், பிறகு அதை 10.2 கோடியாக்கினார். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2014-ல் 3.2 கோடி டாலர் நன்கொடையோடு இறங்கியது. 5,000 பேர் உட்காரும் அரங்கம் 2022-ல்தான் திறந்தது. அதுவரை சின்ன ரிங்கில் (ஐஸ் ஆட்டக் கூடத்தில்) ஆட்டம். அங்கே டிக்கெட் விற்று என்ன வரும்?

இங்குள்ள ரிங்க் 1931-ல் கட்டியது, வழக்கமான அளவைவிட அகலம். இன்றைய அளவு 200 அடிக்கு 85 அடி. புதிதாகக் கட்டும்போது கோளாறு வருவது பெரும்பாலும் தரையில்தான். கான்கிரீட்டுக்குள் நெருக்கமாகக் குழாய்கள் ஓடும், அவற்றில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரோ, கிளைக்கால் என்ற உறையாத் திரவமோ சுற்றும். அதற்கும் கீழே மண்ணைச் சூடாக வைக்கத் தனிக் குழாய் வேண்டும். அதை விட்டுவிட்டால் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, சில வருஷத்தில் தரையையே தூக்கிவிடும்.

ஐஸ் போடும்போது தண்ணீரை மெல்லிசாகத் தெளித்து, ஒரு படலம் இறுகிய பிறகே அடுத்ததைப் போடுவார்கள். நடுவில் வெள்ளைப் பெயிண்ட், கோடுகள், மறுபடி தண்ணீர். ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கி, ஸ்கேட் பட்டதும் பெயர்ந்து வரும். மொத்தக் கனம் ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால். அதற்கு மேல் போனால் குளிர் மேற்பரப்புக்கு எட்டாது. ஐஸ் இளகும், கரண்ட் பில் ஏறும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தில் சிக்கனம் பார்த்தால் செப்டம்பர் புழுக்கத்தில் ஐஸ்மேல் மூடுபனி நிற்கும். கூரையிலிருந்து சொட்டும் நீர் மேடாக உறைந்து, பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) துள்ளும்.

அடுத்தது பெண்கள் டீம். ஆண்களுக்கு 26 இடம் கூட்டினால், கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972 சட்டப்படி பெண்களுக்கும் அதற்கு ஈடான வாய்ப்பு கொடுக்க வேண்டும். இரண்டு டீமையும் ஒரே வருஷம் தொடங்குவதே நியாயம். அப்படியானால் உடைமாற்றும் அறை, கோச், பயணம் எல்லாமே இரட்டை. எங்கள் பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கும் விளையாட்டுக் கூட்டமைப்பான பிக் டென்னில் பெண்கள் ஹாக்கி லீகே கிடையாது. அதிலுள்ள மினசோட்டா, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களின் பெண்கள் டீம்கள் வேறு லீகில்தான் ஆடுகின்றன. அப்படியொரு லீகில் நமக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. பிக் டென் ஹாக்கியில் இப்போது 7 டீம், வாராவாரம் ஒன்று சும்மா இருக்கவேண்டியிருக்கிறது. இலினாய் சேர்ந்தால் எட்டாகி ஜோடி சரியாகிவிடும். லீக் கிடைக்காமல்தான் அலபாமா ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழக டீம் 2021-ல் நின்றுபோனது.

தொடங்கினாலும் முதல் சில வருஷம் தோல்வி நிறைய வரும். எதிரணியில் ஜூனியர் லீகில் (கல்லூரிக்கு முன் இளைஞர்கள் ஆடும் லீக்) பழுத்து 20 வயதில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் பெரிய ஜூனியர் லீக் ஆட்களும் வரலாம். கோச்சுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தமாவது வேண்டும்.

தம்பியின் பள்ளி டீம் ஆட்டம் எப்போது என்று எழுதுங்கள். சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்