மீதிப் பெயர் எங்கே?

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு, தவணை வேண்டாம். வீட்டுக்காரி நலம். முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெர்த்திலிருந்து நீ அனுப்பிய தேன் போன மாதமே தீர்ந்துவிட்டது.

கார் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. கார் வைத்துக்கொள்ள எடுக்க வேண்டிய சிஓஇ உரிமம் விற்கும் விலைக்கு இங்கே சிங்கப்பூரில் ஓட்ட முடியுமா? வண்டி எல்லை தாண்டி மலேசியாவில், ஜோகூரில், மச்சான் கொட்டகையில் நிற்கிறது. பீட்டில் காரின் அடித்தட்டை வெட்டிக் குறுக்கி, மேலே ஃபைபர் கூடு மாட்டிய 'பக்கி', கடற்கரை மணலில் ஓட்டுவார்களே, அது. கதவில்லை, கூரையில்லை. 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்ற பக்கியைச் செய்ததும் ஆளாளுக்கு அச்செடுத்து விற்றார்களே, அந்த நகல்களில் ஒன்று. மனுஷன் காப்புரிமை வழக்குப் போட்டுத் தோற்றார், பாவம். அவரும் படகுத் தொழிலில் இருந்தவர்தான், நம்ம ஆள்!

சனிக்கிழமை தோறும் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வரிசையில் நின்று போய் வருகிறேன். அந்த வெயிலில் ஃபைபர் ஒட்டும் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனரை நூற்றுக்கு இரண்டு ஊற்றினால், பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கல்லாகிறது. ஒன்றோடு நிறுத்து என்று நம்ம பழைய ஆள் 'மீசை' அன்றைக்கே கத்துவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கம் இடது ஓரத்தில், உள்புறம் ஒரே தடிப்பு. 'மேட்' என்கிற ஃபைபர் விரிப்பை ஒன்றின் மேல் ஒன்றாக அப்பி வைத்திருந்தது. எந்த மடையன் வேலை என்று திட்டிக்கொண்டே கிரைண்டரை வைத்தேன். தூசி அடங்கி, அசிட்டோன் போட்டுத் துடைத்தால், ரெசினுக்கு அடியில் கறுப்பு எழுத்து. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழ் '1969 செம்பவாங்'. அதற்கும் கீழே '...சாமி'. முன்பாதியை என் கிரைண்டர் தின்றுவிட்டது. முனுசாமியா, கோவிந்தசாமியா, ராமசாமியா? ஊரில் எத்தனை சாமி!

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 1968-இல் வெள்ளைக்காரன் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தான், 1971-இல் படையும் கிளம்பியது. இடையில் யாரோ ஒரு துரைக்கு நம் ஆள் ஒருவர் பூட்டிக் கொடுத்த வண்டி. பங்குனி உத்திரத்தன்று யீஷூன் பாலசுப்பிரமணியர் கோயில் சாப்பாட்டு வரிசையில் கிழவர் கிழவராகக் கேட்டேன். அந்தத் தளத்து நேவல் பேஸ் ஆட்கள் கும்பிட்ட முருகன் அல்லவா, வீண்போகவில்லை. "படகுப் பட்டறை சாமியா? என் பிளாக்தான்" என்றார் ஒருவர்.

அந்தச் சாமியின் வீட்டுக்கே போனேன். எண்பத்து மூன்று வயது. கண் நன்றாகத் தெரிகிறது, அதுதான் வம்பு. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

"அந்த இடத்த ஏன் தேச்சே?"

"தடிப்பா இருந்துச்சுங்க ஐயா."

"பீச்சுக்குப் போறப்ப அது மேலதான்யா எல்லாரும் ஏறி உக்காருவான். ஒடையக் கூடாதுன்னு அஞ்சு மேட் போட்டேன்."

ராத்திரி ராத்திரியாக நான்கு மாதம் வேலையாம். பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்ததாம். "பேர வெளிய எழுதுனா அழிச்சிடுவான்னுதான் உள்ள எழுதுனேன்" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படத்தைப் பெரிதாக்கி, "மீதிப் பேரு எங்க?" என்றார்.

பூச்சி அரித்திருக்கும் என்றேன். சேகர், ஃபைபரைப் பூச்சி அரிக்குமா? நாற்பது வருடம் இந்த வேலை பார்த்த வாயிலிருந்து வந்த பதில் அது. அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "கிரைண்டர்ல எத்தனாம் நம்பர் டிஸ்க் போட்டே?" என்றார்.

"முப்பத்தாறு."

"அப்ப சரி, சொரசொரப்பா இருக்கும், புது மேட் நல்லா ஒட்டும்" என்று சொல்லிவிட்டு, காப்பி போடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.

அவர் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதிதாக விண்ணப்பித்திருக்கிறோம். நான்கு மேட் போட்டுவிட்டேன். அவர் வந்து கையால் எழுதிய பிறகுதான் ஐந்தாவது. உன் பழைய இரும்பு ரோலர் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அக்டோபரில் வரும்போது எடுத்து வா. இங்கே கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக்.

உன்,
கணேசன்