நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும் பிள்ளை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சை அன்று காலையில் மட்டும் பையனுக்கு வயிறு வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். அவன் நடிக்கிறான் என்று நினைத்துவிடாதே. பயம் வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. அப்புறம் வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனி.

போன மாதம் ஒரு ராத்திரி மகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணை எழுதியதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். என் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், சரியான விடையையும் அழித்துவிடுகிறாள். அழித்து அழித்து நோட்டில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை நண்பா. பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியதை நினைவில் வைக்க வேண்டிய மனசில், அப்பா என்ன சொல்வாரோ என்பது வந்து உட்கார்ந்துகொண்டால் கணக்குக்கு இடம் ஏது?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரைக் கவனித்திருக்கிறார்கள். கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள். அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அதே பதற்றமுள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலை கிடைக்காமல் நான் அலைந்த அந்த மூன்று வருஷம் உனக்குத் தெரியும். அந்தப் பயத்தைத்தான் எட்டு வயதுப் பிள்ளையின் நோட்டில் இறக்கிவைத்திருக்கிறேன். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது.

இப்போது அவள் எழுதும்போது எதிரில் உட்காருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்கிறேன். கூப்பிட்டால், "எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் மார்க் கேட்பதை நிறுத்தப் பார்க்கிறேன், முழுசாக முடியவில்லை. நேற்று ஒரு விடை தப்பு. அவளே கண்டுபிடித்து, என் பக்கம் திரும்பாமலே திருத்தினாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பையனுக்கு அடுத்த பரீட்சை எப்போது? அன்று காலையில் கேள்வி கேட்டுப் பார்க்காதே. கூட உட்கார்ந்து சாப்பிடு. வயிறு எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்