ஆடி அமாவாசை: படையல் குறிப்பு

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் சமையல் முடிந்திருக்கணும். வெங்காயம், பூண்டு, கோஸ், கேரட் வேண்டாம். வாழைக்காய், சேனை, பூசணி போதும்.

பலருக்கும் சொதப்புவது பிரண்டைத் துவையல்தான். இளந்தண்டு 2 கைப்பிடி. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி நார் உரியுங்கள். 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் பச்சை மாறிச் சுருங்கும்வரை வதக்கணும். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். அதோடு வறுத்த உளுந்து 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 4, நெல்லிக்காய் அளவு புளி. புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவது அதுதான்.

வடை உளுந்து 1 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். படைக்கும்முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பை அளந்தே போடுங்கள். மறைந்தவருக்குப் பிடித்த பலகாரம் (முறுக்கோ, அதிரசமோ) இலையில் ஒன்றாவது இருக்கட்டும். காக்கைக்கு வைத்தபிறகே பந்தி.