55 மிமீ என்று போட்டிருக்கிறீர்கள், உள்ளே இருப்பது 52

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் 11 லிட்டர் கணினி கேபினெட்டின் அளவுகள் இணையதளத்தில் தவறாக இருப்பது, கூட வந்த ரைசர் கேபிள் (கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைப்பது) பழுதாக இருப்பது

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வந்தது, நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என்னிடம் முன்பு இருந்தது 50 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பெரிய டவர். மேசைக்கு அடியில் வைத்தால் கால் நீட்ட இடமில்லை, மேலே தூக்கி வைத்தால் மானிட்டருக்கு இடமில்லை, தூசி தட்ட நகர்த்த வேண்டுமென்றால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். திறந்து பார்த்தால் உள்ளே பாதி வெற்றிடம். அதே விளையாட்டு வேகத்தைக் கையில் தூக்கிப் போகிற அளவுப் பெட்டிக்குள் கொண்டுவர முடியும் என்று தெரிந்ததும் மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 305க்கு 244 மிமீ இருந்த ஏடிஎக்ஸ் மதர்போர்டைக் கொடுத்துவிட்டு 170க்கு 170 மினி ஐடிஎக்ஸ் வாங்கினேன். நான்கு ரேம் இடம் இரண்டானது. பெரிய பவர் சப்ளையும் போனது, அதற்குப் பதில் 125 மிமீ அகலமும் 63.5 மிமீ உயரமும் உள்ள எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய ரகம் வந்தது. ப்ராசஸரைக் குளிர்விக்கிற 165 மிமீ உயர டவர் கூலரையும் கழற்றி விற்றேன். இதில் எதற்கும் உங்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. சிறிய பெட்டிக்குப் போகிறவர்கள் இவ்வளவையும் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது தெரிந்துதான் இறங்கினேன்.

ஆனால் இதையெல்லாம் நான் விற்றதும் வாங்கியதும் உங்கள் பக்கத்தில் போட்டிருந்த சில எண்களை நம்பித்தான். கூலர் உயரம் 55 மிமீ வரை. கிராபிக்ஸ் கார்டு 322 மிமீ நீளம், 150 மிமீ அகலம், மூன்று ஸ்லாட் தடிமன் வரை. கூடவே பிசிஐஇ 4.0 ரைசர் கேபிள் (பிசிஐஇ என்பது கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்கிற இணைப்பு, 4.0 அதன் வேகத் தலைமுறை). பெரிய டவர் வாங்குகிறவர் இந்த எண்களைப் படிக்கக்கூட மாட்டார், எதைப் போட்டாலும் உள்ளே போகும். சின்ன பெட்டி வாங்குகிறவருக்கு அந்த எண்தான் பொருளே. அதை நம்பித்தான் மற்ற ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுக்கிறோம்.

முதலில் கூலர். நான் வாங்கியது தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்53, விசிறியோடு சேர்த்து 53 மிமீ உயரம். உங்கள் கணக்குப்படி 2 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். எல்லாம் மாட்டி, கேபிளை அடுக்கி, பக்கத் தகட்டைப் போட்டு ஆன் செய்ததும் கிர்ரென்று ஒரு சத்தம். தகட்டைக் கழற்றினால் சத்தம் இல்லை, திரும்பப் போட்டால் வருகிறது. கேபிள் எதுவும் விசிறியில் மாட்டியிருக்குமோ என்று அரை நாள் தேடினேன். அப்புறம்தான் டார்ச் அடித்துத் தகட்டின் உள்பக்கத்தைப் பார்த்தேன். தகடு வளையாமல் இருக்க நீங்கள் உள்ளே ஒரு உலோகப் பட்டை வைத்திருக்கிறீர்கள், 3 மிமீ தடிமன், அது சரியாக ப்ராசஸருக்கு நேர் மேலே ஓடுகிறது. வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தேன். ப்ராசஸரின் மேற்பரப்பிலிருந்து தகடு வரை 55, பட்டை வரை 52. அந்தப் பட்டை விசிறியின் சட்டத்தை அழுத்துகிறது, சட்டம் உள்வாங்கி இறக்கை உரசுகிறது. கழற்றிப் பார்த்தபோது சட்டத்தின் ஒரு ஓரம் வெளுத்துப்போய், பட்டையின் கறுப்புப் பெயின்ட் கோடு போட்டது போல ஒட்டியிருந்தது. படம் இணைத்திருக்கிறேன், அளவுகோலோடு எடுத்தது.

"இன்னும் சின்ன கூலர் போடுங்கள்" என்று உங்கள் சேவைப் பிரிவிலிருந்து எழுதினார்கள். அதையும் செய்து பார்த்தேன். நண்பரிடம் 37 மிமீ கூலர் இரவல் வாங்கி மாட்டினேன். என் ப்ராசஸர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, அதன் உச்ச வெப்ப வரம்பு 89 டிகிரி. வீடியோ ரெண்டர் ஓடவிட்டதும் சில நிமிடங்களில் 89ஐத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 55 மிமீ இடம் இருக்கிறது என்பதால்தான் நான் உங்கள் பெட்டியை எடுத்தேன். 37 மிமீ போதுமென்றால் இதைவிடச் சின்ன பெட்டிகள் எத்தனையோ இருந்தன.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4080, 304 மிமீ நீளம், 137 மிமீ அகலம், மூன்று ஸ்லாட். அளவில் உங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறது, உள்ளேயும் போனது. ஆனால் இந்தக் கார்டுக்குக் கரண்ட் போகிற 16 முனை பிளக் மேல் விளிம்பில் இருக்கிறது. பிளக்கிலிருந்து 35 மிமீ வரை கேபிளை வளைக்காதீர்கள் என்று கேபிள் செய்பவர்கள் சொல்கிறார்கள். 150ல் 137 போனால் மிச்சம் 13 மிமீ. அந்தப் 13 மிமீக்குள் கேபிள் பிளக்கை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மடங்குகிறது, மேல் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஸ்க்ரூ ஏறுகிறது. 320 வாட் வரை இழுக்கிற கார்டு இது. இந்த வகை பிளக்குகள் உருகிப்போன படங்கள் 2022 அக்டோபரிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன, முழுதாக உட்காராத பிளக்தான் காரணம் என்று இந்தக் கார்டின் சிப்பைத் தயாரிக்கிற என்விடியாவே சொன்னது. அப்படி இருக்கும்போது பிளக்கைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு மூடியை நான் எப்படி நம்பிப் போடுவது? இரவில் ஆன் செய்து வைத்துவிட்டுத் தூங்கப் பயமாக இருக்கிறது. இது வெறும் வசதிக் குறைவு இல்லை, பாதுகாப்பு விஷயம். கோண அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னீர்கள். அதே மாதிரி அடாப்டர்கள் சூடாகி உருகியதால் 2024ல் திரும்பப் பெறப்பட்டதை எழுதியவர் தெரிந்துதான் எழுதினாரா?

மூன்றாவது, என்னை அதிகம் அலைக்கழித்தது, ரைசர் கேபிள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுப்பாகிவிடும், சத்தம் மட்டும் சில நொடி ஓடும், அப்புறம் எல்லாம் நின்றுவிடும். ஒரு நாள் பத்து நிமிடத்தில், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் கழித்து. டிரைவரை மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், புது பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவை (Event Viewer) திறந்தால் WHEA 17 என்ற வன்பொருள் பிழை, வரிசையாக நூற்றுக்கணக்கில், எல்லாமே பிசிஐஇ இணைப்பைக் காட்டுகிறது. உடனே மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, கார்டை ரைசர் இல்லாமல் நேரடியாகச் செருகி, பிசிஐஇ 4.0 வேகத்திலேயே மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. திரும்ப ரைசரில் மாட்டினேன், கால் மணி நேரத்தில் திரை போய்விட்டது. மறுநாளும் இதையே செய்தேன், அதே முடிவு. இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்?

இதற்கு வந்த பதில்: "பயாஸில் பிசிஐஇ 3.0 என்று மாற்றி வையுங்கள், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது." மதர்போர்டின் அடிப்படை அமைப்பான அந்த பயாஸில் மாற்றி வைத்தேன், பிழை நின்றது. பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் குறைவு என்பதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு லேனுக்கு, அதாவது தரவு ஓடுகிற ஒரு பாதைக்கு, நொடிக்கு 16 ஜிகா டிரான்ஸ்பர் போகும் என்று விற்ற கேபிள் 3.0இன் வேகமான 8ல்தான் ஒழுங்காக ஓடுகிறது. பெட்டி மேல் 4.0 என்று அச்சடித்து விற்றுவிட்டு 3.0ல் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அது தீர்வு ஆகாது. பழுதான பொருளைப் பழுதென்று ஒப்புக்கொள்ளாமல் என்னைப் பழகிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அலுமினிய வேலை நேர்த்தியாக இருக்கிறது, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன, கார்டு பக்கம் காற்றோட்டம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. வடிவமைத்தவர் இதை விரும்பித்தான் செய்திருக்கிறார் என்று தொட்டாலே தெரிகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். அந்தப் பட்டையைக் கூலருக்கு மேலே வராமல் தள்ளி வைத்திருந்தால் கூலர் பிரச்சினையே வந்திருக்காது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பிசிஐஇ 4.0ல் பிழையில்லாமல் ஓடுகிற, நீங்கள் சோதித்துப் பார்த்த ரைசர் கேபிள் ஒன்றை அனுப்புங்கள். பட்டை இல்லாத அல்லது பட்டை தள்ளி வைத்த பக்கத் தகடும், கேபிளுக்கு இடம் விட்டு உயர்த்திய மேல் மூடியும் கொடுங்கள். இவை உங்களிடம் இல்லையென்றால் கேபினெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும், அனுப்பும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். எதைச் செய்தாலும் சரி, இணையதளத்தில் 55ஐ 52 என்று இன்றைக்கே மாற்றுங்கள், கார்டு அகலத்துக்குப் பக்கத்தில் மின் கேபிள் வளைய எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். என்னைப் போலவே இந்த எண்களைப் பார்த்துத் தன் பழைய பாகங்களை விற்கப் போகிற ஒருவர் இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்.

அளவெடுத்த படங்கள், பிழைப் பதிவுகள், ரைசரோடும் ரைசர் இல்லாமலும் ஓட்டிய இரண்டு வீடியோக்கள், பழைய மூன்று கடிதங்களின் பதில்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. 15 நாட்களுக்குள், இவற்றைத் திறந்து பார்த்த ஒருவரிடமிருந்து பதில் வேண்டும். அதுவரை மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்