தொட்டி இன்று, மீன் பிறகு: பெங்களூர் வண்ண மீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் வண்ண மீன் கடை நடத்தும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும், கல்லாவில் உட்காரும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

நான் அல்சூர்க்காரன். தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன், அல்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் உங்களில் சிலராவது தமிழில்தான் பேசுகிறீர்கள். உங்கள் கடைக்கு வரும் மீன்களிலும் நிறைய சென்னை கொளத்தூரில் பிறந்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேறி வந்தவை. அதனால் இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தருவதுபோல உங்களுக்குத் தொழில் சொல்லித் தர வரவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தை வாங்க வருகிறவரிடமும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

என் பேத்திக்கு 6 வயது. போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. 3 லிட்டர் பிடிக்கும் கிண்ணம், நீலக் கல், ஒரு டப்பா தீனி, கவரில் இரண்டு மீன். பத்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார் கடைக்காரர். நல்லபடியாகத்தான் சொன்னார்.

நான்காம் நாள் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்குப் போன் செய்தேன். "பசியா இருக்கும் சார், தீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றார். போட்டோம். பேத்தி காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை என்று பிரியமாகப் போட்டாள். ஏழாம் நாள் ஒன்று போயிற்று. ஒன்பதாம் நாள் மற்றது.

இரண்டாவது மீன் செத்த அன்று கிண்ணத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, முன்பு என்னிடம் வேலை கற்ற பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "சார், இது எந்தச் சாக்கடைத் தண்ணி? நெஸ்லர் ஊத்தினதும் பழுப்பாயிடுச்சு." நெஸ்லர் என்பது தண்ணீர் பரிசோதனைக்கு ஊற்றும் ஒரு மருந்து. அது பழுப்பானால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான், அம்மோனியா. குடிநீரில் அது லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றுத் தண்ணீரில் அம்மோனியா வந்தால் பக்கத்தில் கழிவு நீர் கசிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். 31 வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான், பேத்தியின் மீன்களை அந்தத் தண்ணீரிலேயே 9 நாள் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஓடுகிற தண்ணீரிலோ குளத்திலோ அது கரைந்து போய்விடும். 3 லிட்டரில் எங்கே போகும்? போடுகிற தீனியும் விழுகிற எச்சமும் அழுகி இன்னும் கூட்டும். செவுள் வெந்துபோன மீனால் தண்ணீரிலிருந்து காற்றை இழுக்க முடியாது. அதனால்தான் மேலே வந்து வாய் திறக்கிறது. அதைப் பசி என்று நினைத்துத் தீனி போட்டோம்.

சரி, இது எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்களுக்குத் தெரியாதா? நிச்சயம் தெரியும். கொளத்தூரில் லோடு கட்டுவதற்கு முன்னால் ஒரு நாளோ இரண்டு நாளோ மீனைப் பட்டினி போடுகிறார்கள். வழியில் எச்சமிட்டுக் கவருக்குள் தண்ணீர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானே? கவரில் கொஞ்சம் தண்ணீரும் மிச்சத்துக்கு ஆக்சிஜனும் அடைத்து, வெயில் ஏறாமல் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குகிறார்கள். உங்கள் கடைத் தொட்டிகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரவு பகலாக ஓடுகிறது. அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும் என்று கடைப் பையனுக்குச் சொல்லித் தருகிறீர்கள். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு மீனை உயிரோடு கொண்டுவர இவ்வளவு அறிவு செலவாகிறது. அதில் ஒரு துளிகூடக் கல்லாவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். புதிதாகத் தொட்டி வாங்குகிறவருக்கு அன்றைக்கே மீன் விற்காதீர்கள்.

தொட்டி, ஃபில்டர், கல், செடி எல்லாம் கொடுங்கள். மீனை மட்டும் பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவும் ஃபில்டரில் குடியேற வேண்டும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். சும்மா விட்டால் இந்தக் குடியேற்றத்துக்கு 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் இந்த நாட்களைக் குறைக்கும் மருந்து உங்கள் கடையிலேயே இலவசமாகக் கிடக்கிறது. நோயில்லாத தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் கவரில் போட்டுக் கொடுங்கள். புதுத் தொட்டி வாங்குகிறவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பரிசுகளில் அதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அழும்போது, "இன்னைக்கு மீன் இல்லை" என்று சொல்வது சுலபமில்லை என்று தெரியும். நீங்கள் கொடுக்காவிட்டால் நாலு கடை தள்ளி வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஒரு கடைக்காரருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படிச் செய்ய ஆரம்பித்திருக்கிறார். முதல் மாதம் சிலர் முகம் சுளித்துப் போனார்களாம். திரும்பி வந்தவர்கள் இப்போது மாதா மாதம் தீனிக்கும் செடிக்கும் வருகிறார்களாம். இரண்டு தடவை மீன் செத்த வீடு மூன்றாவது தடவை வாங்காது, கிண்ணத்தைப் பரணில் போட்டுவிடும். இந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. நான் மறுபடி 100 லிட்டர் தொட்டி வாங்கி, 5 வாரம் மீனில்லாமல் ஓடவிட்டேன். பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டோம். பேத்தி தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து "தாத்தா, இன்னைக்கு பாக்டீரியா வந்துடுச்சா?" என்று கேட்பாள். பரிசோதனைச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது.

கோல்ட் ஃபிஷ் கிண்ணத்து மீனே இல்லை. நன்றாக வளர்ந்தால் சாதாரண வகை ஒரு சாண் நீளத்தைத் தாண்டும், 10, 15 வருடம் இருக்கும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கொடுத்த டிஷ் என்ற கோல்ட் ஃபிஷ் 1999 வரை, 43 வருடம் வாழ்ந்தது. அதுவும் ஒரு பையனின் கையில் கொடுத்தனுப்பிய மீன்தான். கிண்ணத்தை விற்கவே வேண்டாம் என்பது என் ஆசை. விற்றே ஆகவேண்டும் என்றால் அதில் ஒரு மணி பிளான்ட் போட்டு விற்கலாம்.

ஃபைட்டர் மீன் பற்றியும் சொல்ல வேண்டும். "இது சின்ன டப்பாவிலேயே இருக்கும் சார்" என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். அதற்கு மேற்காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் மூச்சு முட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அம்மோனியா அதன் செவுளையும் சுடும். தாய்லாந்துப் பக்கத்து வயல்களில் பிறந்த சாதி அது. வயலில் தண்ணீர் ஆழமில்லாமல் இருக்கலாம், ஆனால் பரப்பு எவ்வளவு! 25, 26 டிகிரி வெதுவெதுப்பில் இருந்து பழகிய மீன், மார்கழி ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும் பெங்களூரில் ஹீட்டர் இல்லாத ஒரு டம்ளர் தண்ணீரில் சுருண்டு கிடக்கிறது. பார்க்கிறவர்கள் சாதுவான மீன் என்கிறார்கள். கடையில் ஆண் மீன்களைப் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் வைக்கும்போது நடுவில் ஒரு அட்டை செருகுங்கள், போதும். எதிரியைப் பார்த்துப் பார்த்து நாளெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு நிற்கிறது அது. கூடவே, அடுக்குமாடிகளில் பிறந்தநாள் விழாவுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று முப்பது ஃபைட்டர் மொத்தமாகக் கேட்டு ஆர்டர் வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அந்த முப்பது வீட்டில் எந்த வீடும் மீன் வேண்டும் என்று கேட்கவில்லை.

சக்கர் மீனை "தொட்டி கிளீன் பண்ணும்" என்று விரல் அளவில் விற்கிறீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும் என்று யாரும் சொல்வதில்லை. வளர்ந்த பிறகு வைக்க இடமில்லாமல், மனசு கேட்காமல், ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகி நம்மூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வளர்ந்த மீனைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு போர்டு வையுங்கள். சாயம் ஏற்றிய மீன்களைப் பற்றி ஒரே வார்த்தை, வேண்டாம்.

இதை ஏன் அரசாங்கத்துக்கு எழுதவில்லை என்று கேட்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதனைத் தவிர எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது, மீனும் அதில் அடக்கம். நீள அகல உயரம் போதாமல், அசைய வழியில்லாத கூண்டிலோ கலத்திலோ ஓர் உயிரை அடைத்து வைப்பது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 2017 மே மாதம் மீன் தொட்டிகளுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது, கிண்ணத்தில் மீன் வைப்பதையும் அது தடுத்தது. பல வகை மீன்களை விற்கவே முடியாதபடி அந்த விதிகள் இருந்ததால் உங்கள் தொழிலே கலங்கிப்போனது, எதிர்ப்பும் எழுந்தது. சில மாதங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயல், பறவைகள் பெயரெல்லாம் இருக்கிறது, மீன் இல்லை. ஆக, மீனின் கதி இன்றைக்கு உங்கள் வாய் வார்த்தையில்தான் இருக்கிறது. மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்களில் யாரும் கால்நடை மருத்துவரிடம் போவதில்லை. உங்களுக்குத்தான் போன் செய்கிறோம்.

மீனுக்கு வலி என்ன தெரியும் என்று ஒரு நண்பர் கேட்டார். எடின்பரோவில் 2003இல் ட்ரௌட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, வேகவேகமாக மூச்சு விட்டன, மணிக்கணக்கில் தீனியைத் தொடவில்லை. வலி மருந்து கொடுத்ததும் அந்தத் தவிப்பு குறைந்தது. எனக்கு அந்த ஆராய்ச்சிகூட வேண்டாம். நான்காம் நாள் கிண்ணத்தின் விளிம்பில் நின்ற அந்த இரண்டு வாயையும் பார்த்தவன் நான்.

கடைசியாக ஒன்று. காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்தோ குளோரின் முறிக்கும் சொட்டு விட்டோதான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் என்றால் உப்பும் கடினமும் ஏரியாவுக்கு ஏரியா மாறும். கோடையில் டேங்கர் வந்தால் அது எந்த ஊர்த் தண்ணீரோ. உங்கள் வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று உங்களால் ஊகிக்க முடியாது, என்னால் பார்த்துச் சொல்ல முடியும். அம்மோனியா, நைட்ரைட், குளோரின், கடினத்தன்மை, நான்கையும் பார்க்கும் பெட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் வரச்சொன்னால் பெட்டியோடு வந்து கல்லா ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். காசு வேண்டாம். மீன் வாங்க வருகிறவரை, வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், சோப்பு போடாமல் கழுவிய பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பேத்தியும் கூட வருவாள். சொட்டு எண்ணுவது அவள் வேலை.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற தண்ணீர் பரிசோதகர்